கூப்பு ரோட்டில் கட்டிய பட்டு இழை

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு கூடைச் சீத்தாப்பழம் என்னை நிறுத்திவிட்டது. வாங்காமல் மோந்து பார்த்துக்கொண்டே நின்றதில் பழக்காரம்மா முறைத்தார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கூப்பு ரோட்டுக்கு நான் வனத்துறை வாட்சர். எந்தக் காலத்திலோ மரம் வெட்டி லாரியில் இறக்கப் போட்ட மண்பாதை அது. வெட்டு நின்றும் வண்டிகள் நிற்கவில்லை. சீத்தாப்பழம் ஏற்றிக்கொண்டு குறுக்கே இறங்கின. கரடி குட்டிகளோடு திரியும் இடம் என்பதால் பெர்மிட் வண்டிக்கு மட்டும், பகலில் மட்டும் வழி. மாலை ஐந்துக்கு மூங்கில் கட்டையை இறக்கிப் பூட்டுவது என் உத்தியோகம். பட்டுத் தறி வீட்டில் பிறந்தும் தறியில் உட்கார உடம்பு வணங்காத எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

ஆனால் கட்டையைச் சுற்றி ஓட்டிவிடுவார்களே! வீட்டிலிருந்து கழிவுப் பட்டு இழையைக் கொண்டுபோய், சற்றுத் தள்ளிப் பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டினேன். நாலு நாளும் காலையில் அறுந்து கிடந்தது. டயர் தடம் இல்லையே என்றால், மழை அழித்திருக்கும் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். தினமும் வருகிற ஒரே வண்டி முனுசாமி அண்ணனுடையது. ரேஞ்சரிடம் சொன்னேன்.

"இன்னொரு தபா அறுந்தா அந்தாளு பெர்மிட் கேன்சல்" என்றார்.

"இன்னாப்பா, நூலக் கட்டி என் பொழப்ப அறுக்கிற? மூணு பொண்ணுங்கள வெச்சிகினு இருக்கேன். மத்தியானமே எறங்கிடறேன்பா" என்றார் முனுசாமி அண்ணன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றேன், என்னவோ பெரிய ஜட்ஜ் மாதிரி.

ஐந்தாம் நாளும் அறுந்திருந்தது. அதுவரை தினம் புது இழைதான் கட்டினேன். அன்று கையிருப்பு தீர்ந்துவிட்டது. அறுந்த முனைகளையே முறுக்கிச் சேர்க்கலாமென்று, தறி வீட்டுப் பழக்கத்தில் விரலால் தடவினேன். இழையில் கறுத்த முரட்டு மயிர் சிக்கியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ரேஞ்சரிடம் ஓடினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நிறுத்தினார். "கரடி தெனம் நடக்குற எடத்துலயா வண்டி வுட்டுகினு இருக்கோம்?"

அந்த மாதமே பாதையின் இரண்டு முனையிலும் அகழி வெட்டி, எல்லோருக்கும் அடைத்துவிட்டார்கள். முனுசாமி அண்ணனின் பெர்மிட் தப்பியது; தார் ரோட்டில் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. "என்னக் காப்பாத்துறேன்னு ரோட்டையே தூக்கிட்டியேப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்துத் திட்டினார்.

பழக்கூடை கிளப்பிவிட்ட நினைப்பில், இந்த ஞாயிற்றுக்கிழமை வன அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நானும் முனுசாமி அண்ணனும் அங்கே போனோம். அகழி தூர்ந்து உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. பாதை எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

"கண்ண மூடிகினு ஓட்டுன ரோடுபா. தெறந்துகினு தேடுறேன், காணோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முன்னால் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அவரோ ஒரு கரையான் புற்றின் முன் குனிந்திருந்தார். பாதிப் புற்று தோண்டப்பட்டு, மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"கரடி இப்பத்தான் தோண்டிக்கீது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். "ஜல்தி வாப்பா. அது வர்ற நேரத்துல நமக்கு இங்க இன்னா வேல?"