செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே

கைலாசபுரத்தில் யார் வீட்டு ஜன்னல் திரை எப்போது விலகியது என்பதுவரை விஜயராணிக்குத் தெரியும். வாய்தான் சும்மா இருக்காது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், நாத்தனார் ஷெர்லினின் ஜடையில் பாதி சவுரி என்று உளறித் தொலைத்தாள். அன்றோடு ஷெர்லின் பேச்சை நிறுத்திவிட்டாள். "அண்ணி, அண்ணி" என்று காலைச் சுற்றி வந்தவள், இப்போது மாதா கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குடும்பமே விஜயராணிக்குக் 'கோள்சொல்லி' என்று பட்டம் கட்டிவிட்டது. அந்த ஒரு 'அண்ணி'க்காக அவள் ஏங்கிய ஏக்கம், அப்பப்பா!

மனசு ஆறாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அமெரிக்காவில் தொலைநோக்கியில் எடுத்த வானப் படங்களை அங்குள்ள விஞ்ஞானிகள் இணையத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படங்கள். எந்தப் புள்ளி இடம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் யார் நகர்ந்தாலும் விடாத கண்ணாச்சே, விடுமா? ஒரு புள்ளியைப் பிடித்தே விட்டாள். புதிய சிறுகோள்தான் என்று பதிலும் வந்தது.

தவக்காலத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் அன்புச்செல்வன் மைக்கைப் பிடித்தார். "நம்ம விஜயராணி கோள் சொல்லி, அது அமெரிக்கா வரைக்கும் போயிருக்குங்க!" பாவி மனுஷன், பாராட்டத்தான் நினைத்தார். கோயிலே குலுங்கிச் சிரித்தது.

வாசலில் ஷெர்லின் மறித்தாள். "இந்தத் தடவை யாரைப் பத்தி?"

"யாரைப் பத்தியும் இல்லம்மா. அது ஒரு கல்லு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்திக்கிட்டிருந்துச்சு, நான் பாத்துட்டேன்."

ஷெர்லின் விரல் மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன். முகம் வெளுத்துப்போனது. "விபூதிப் புதன் அன்னிக்கு மலைக்கோட்டையில நான் மட்டன் சுக்கா தின்னதையா பாத்தீங்க?"

அத்தனை தலையும் திரும்பியது. கறியே தொடக்கூடாத ஒருசந்தி நாளில் மட்டனா!

விஜயராணியின் நாக்கு நமநமவென்று அரித்தது. இப்படி ஒரு சேதி இனி ஆயுசுக்கும் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "சுக்குக் காப்பி மட்டும் குடிச்சேன்னு சொல்றா! தொண்டை கட்டியிருக்கு, பாவம். போங்க, போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று கூட்டத்தை விரட்டினாள்.

ஷெர்லின் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கல்லுலேருந்து பாத்தா எல்லாம் தெரியுமா, அண்ணி?"

விஜயராணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியும்" என்றாள். "ஆனா அது யார்கிட்டயும் சொல்லாது."