இலக்கு எண் பதினான்கு

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு புத்தாண்டும் பதின்மூன்று இலக்குகளோடு பிறக்கும். ஆராய்ச்சியில் சிகரம் தொடுவது, நூலகத்தை நவீனமாக்குவது, வளாகத்தைப் பசுமையாக்குவது என்று ஆரம்பித்து, 'மேற்கண்ட அனைத்தையும் விரைந்து நிறைவேற்றுவது' என்ற பதின்மூன்றாவதோடு முடியும். விரைந்து நிறைவேற்ற வேண்டிய அந்த அனைத்தும் அடுத்த புத்தாண்டில் அப்படியே, ஒரு கீறல்கூட விழாமல் திரும்பி வரும்.

இவற்றைத் தொகுத்து, தட்டச்சு செய்து, புத்தகமாக்கும் பொறுப்பு திட்டப் பிரிவின் உதவியாளர் ஒருவருடையது. இருபத்தாறு வருடங்களாக அவர்தான் செய்கிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. வளாகத்துக்கு அவர் 'இலக்கு'. "இலக்கு சார் வந்தாச்சா?" என்பார்கள். "இலக்கைக் கொஞ்சம் கீழே அனுப்புங்க" என்பார்கள். யாரும் மேலே போய்ப் பார்க்க மாட்டார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. நிர்வாகக் கட்டடத்துக்கு மூன்று மாடி. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். திட்டப் பிரிவு மூன்றாவதில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணிக்குப் பக்கத்தில் இருந்தது.

அறையில் எதிரெதிரே இரண்டு மேசைகள். எதிர் மேசைக்காரர் ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகிறது. அந்த நாற்காலிக்கு ஆள் போடுவது பல்கலைக்கழகத்தின் ஒன்பதாவது இலக்கு: 'காலிப் பணியிடங்களை உடனடியாக நிரப்புதல்.' ஏழு வருடங்களாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் அவர் அந்த வரியைத் தட்டச்சு செய்துவந்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இருந்ததில்லை.

மதியம் ஒரு மணிக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். ஆறு வருடங்களுக்கு முன் மனைவி தவறிப்போனதிலிருந்து அதில் என்ன இருக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஒன்று நாற்பதுக்கு வெளியூரிலிருந்து தங்கை பேசுவாள்.

"சாப்பிட்டியாண்ணா?"

"ஆச்சும்மா."

"யாரோட?"

இந்தக் கேள்விக்கு ஆரம்பத்தில் ஒரு மாதம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். தங்கை போனிலேயே அழுதாள். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கிளம்பி வந்துடு" என்றாள். அன்றிலிருந்து திங்கட்கிழமை நூலகரோடு சாப்பிட்டார். செவ்வாய் காசாளரோடு. புதன் தாவரவியல் பேராசிரியரோடு. இவர்களில் யாருக்கும் தாங்கள் ஆறு வருடமாக இலக்கோடு உட்கார்ந்து சாப்பிடும் விவரம் தெரியாது.

இனி அந்த விபத்துக்கு வருவோம்.

இலக்குப் புத்தகம் தயாராவதற்கு ஒரு முறை உண்டு. போன வருடக் கோப்பை எடுத்து, வருடத்தை மாற்றி, கட்டங்கள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்கக் கடைசியில் ஒரு சோதனை வரிசை சேர்த்து, ஏதாவது தட்டிப் பார்த்து, பிறகு அழித்துவிட வேண்டும். இருபத்தைந்து வருடம் அவர் அந்த வரிசையில் 'சோதனை சோதனை' என்றே அடித்தார். இந்த டிசம்பரில், எதிர் நாற்காலியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மத்தியானம், விரல்கள் வேறு எதையோ அடித்தன.

இலக்கு: மதிய உணவை வாரம் ஒரு முறையாவது இன்னொருவருடன் உட்கார்ந்து உண்ணுதல். அளவுகோல்: வருடத்துக்கு ஐம்பத்திரண்டு முறை. பொறுப்பாளர்:

பொறுப்பாளர் கட்டத்தில் யாரைப் போடுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து போன் வந்தது. பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா.

"இலக்கு சார், கோப்பு எங்க? பதிவாளர் என் தலையில உக்காந்திருக்கார்."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

"இருபத்தாறு வருஷமா ஒண்ணையேதான பாக்குறீங்க? மனப்பாடம் ஆகலையா? அனுப்புங்க சார்!"

அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு கோப்பு ஏழு கையெழுத்து வாங்கியது. முதலாமவர், மற்ற ஆறு பேர் படிப்பார்கள் என்று கையெழுத்திட்டார். மற்ற ஆறு பேர், முதலாமவர் படித்திருப்பார் என்று கையெழுத்திட்டார்கள். நிர்வாகம் என்பது பரஸ்பர நம்பிக்கையில் நடப்பது.

ஜனவரி முதல் தேதி காலை வளாகம் களைகட்டியிருந்தது. பலூன் கட்டிய பந்தல். ஆரோக்கிய நடை என்ற பெயரில் பேராசிரியர்கள் வாசலிலிருந்து சிற்றுண்டி மேசை வரை நடந்தார்கள். 'என் கனவு' சுவரில் மாணவர்கள் வண்ணச் சீட்டு ஒட்டினார்கள். உறுதிமொழியைத் துணைவேந்தர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் அவர் "மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைங்க" என்றதையும் பக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

பிறகு துணைவேந்தர் புத்தகத்தைப் பிரித்து இலக்குகளை வாசித்தார். கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த இலக்கு, வழக்கம்போல உதட்டசைவில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். பதின்மூன்று முடிந்தது. கைதட்ட எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

"இலக்கு எண் பதினான்கு" என்றார் துணைவேந்தர்.

இலக்கு உயர்த்திய கையை இறக்கினார்.

துணைவேந்தர் வாசித்தார். நிறுத்தினார். இன்னொரு தடவை மனதுக்குள் வாசித்தார். முன்வரிசையில் பதிவாளர் தன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தேடினார். ஆனால் துணைவேந்தர் பதவிக்குச் சும்மா வந்துவிட முடியாது. கண்ணாடியைக் கழற்றினார், கூட்டத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"இது... பல நாளா என் மனசுல இருந்த ஒண்ணு."

பந்தல் அதிரக் கைதட்டல். பக்கத்தில் நின்ற காசாளர் இலக்கின் தோளைத் தட்டி, "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான், பாத்தீங்களா சார்?" என்றார். இலக்கும் கைதட்டினார். அன்று மதியம் ஒரு மணிக்கு மூன்றாம் மாடியில், பல்கலைக்கழகத்தின் பதினான்காம் இலக்கை எதிர் நாற்காலி துளிகூட மதிக்கவில்லை.

ஆனாலும் அவருக்குள் ஒரு சின்ன நப்பாசை முளைத்துவிட்டது. உத்தரவே வந்துவிட்டது. இனி யாராவது ஒருவர் தன்னோடு உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

அடுத்த வாரமே இணையுணவு அமலாக்கக் குழு அமைந்தது. பணியாளர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பட்டியல் போட வேண்டும், வெள்ளிதோறும் கேன்டீனில் சேர்ந்து சாப்பிட வேண்டும், பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று முடிவாயிற்று. மொத்தம் அறுநூற்றுப் பதினைந்து பேர். இரண்டால் வகுத்தால் ஒருவர் மிஞ்சினார். கணிதத் துறைத் தலைவர் கரும்பலகையில் மூன்று விதமாக வகுத்துப் பார்த்தார். மூன்று விதத்திலும் மிஞ்சினார்.

கண்காணிப்பாளர் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "பதிவேட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல? இலக்கு சாரைப் போட்டுட்டா கணக்கு இரட்டைப்படை ஆயிடும்."

இலக்கு எழுந்து நின்றார். குழுக்கூட்டம் ஒன்றில் அவர் எழுந்து நிற்பது இதுவே முதல் முறை. "மேடம், நானும் ஒரு ஜோடியில..."

"சார், நீங்க கண்காணிக்கிறவர். நீங்களே சாப்பிட்டு நீங்களே கையெழுத்து போட்டா தணிக்கையில என்ன சொல்றது? உங்களுக்கு முழு விலக்கு. சந்தோஷமா இருங்க!"

சந்தோஷமாக இருக்கும்படி உத்தரவானதால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் கேன்டீன் வாசலில் ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, பதிவேடு, நூலில் கட்டிய பேனா. அறுநூற்றுப் பதினான்கு பேரும் அவரைத் தாண்டித்தான் ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள். பதினொரு வருடமாகப் பேசிக்கொள்ளாத இயற்பியல்காரரும் வேதியியல்காரரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரே மேசையில் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரத்துக்குள் எல்லோரும் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவரவர் பழைய கூட்டாளியோடு பழைய இடத்துக்குப் போனார்கள். சிலர் ஒரே மூச்சில் ஜூன் மாதம் வரைக்கும் போட்டுவைத்தார்கள். நூலகர் குனிந்து கையெழுத்திட்டபோது, 'போன திங்கட்கிழமைகூட நாம சேர்ந்து சாப்பிட்டோமே' என்று இலக்குக்குச் சொல்லத் தோன்றியது. பேனாவின் நூலைச் சரிசெய்தார்.

எல்லோரும் போன பிறகு, இரண்டு மணிக்கு, அந்தச் சின்ன மேசையிலேயே தன் டப்பாவைத் திறப்பார். தங்கையின் போனை வெள்ளிக்கிழமைகளில் இரண்டே முக்காலுக்கு மாற்றிவைத்திருந்தார். "பெரிய திட்டம்மா. நான் இல்லாம நடக்காது" என்று சொல்லியிருந்தார். அந்த முதல் மாதத்துக்குப் பிறகு அவர் தங்கையிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

மார்ச் மாதத்துக் கடைசி வெள்ளி. பதிவேட்டை மூடி, டப்பாவைத் திறந்த நேரத்தில் பம்ப் ஆபரேட்டர் வந்து நின்றார். வளாகம் முழுக்கத் தண்ணீர் ஏற்றுகிறவர். தொட்டியைப் பார்க்கத் தினமும் மூன்றாம் மாடி ஏணியில் ஏறி இறங்குவார். திட்டப் பிரிவைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டுவார்.

"சார், என் ஜோடி இன்னைக்கு லீவு. எலக்ட்ரீசியன். பொண்ணு பாக்கப் போயிருக்கான், அம்பது கிலோ பவுடரைப் போட்டுக்கிட்டு. எனக்கு யார் கையெழுத்து போடுவா?"

"விதிப்படி இந்த வாரம் உங்களுக்குக் கணக்கு இல்ல."

"கணக்கு இல்லேன்னா போகட்டும். பசி இருக்குல்ல? பதிவேட்டைக் கொஞ்சம் தள்ளுங்க."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இலக்கு பதிவேட்டைத் தள்ளினார். அவசரத்தில் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேல உங்க ரூம்ல எப்பவும் ஒரு நாற்காலி காலியா இருக்கே, யாருது சார்?"

"ஒன்பதாவது இலக்கு."

"அப்படின்னா?"

"வரப்போறவருது."

"வந்தா சொல்லுங்க, தொட்டியில தண்ணி குறைய விடாம பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஆபரேட்டர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு அவித்த முட்டை. ஒன்றை மேசை விளிம்பில் தட்டி, ஓட்டை உரித்து, கேட்காமலேயே இலக்கின் டப்பாவில் வைத்தார். "உப்பு கொண்டுவர மறந்துட்டேன். என் வீட்டுக்காரி இருந்தா திட்டியிருப்பா" என்றார். பிறகு மோட்டாரின் குணங்களைப் பற்றிப் பேசினார். எந்த மோட்டார் மழைக்காலத்தில் முனகும், எது அடித்தால்தான் கேட்கும் என்றெல்லாம். இலக்கு முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டார்.

இரண்டே முக்காலுக்கு, ஆபரேட்டர் எழுந்து போன பிறகு, போன் அடித்தது.

"சாப்பிட்டியாண்ணா? யாரோட?"

"பம்ப் ஆபரேட்டரோட."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "வெள்ளிக்கிழமை உனக்கு வேலைன்னு சொன்னியே. பரவால்லண்ணா. எனக்காக யார் பேரையாவது சொல்லணும்னு இல்ல. எனக்குத் தெரியும்."

இலக்கு நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன தெரியும்?"

"ஆறு வருஷமா தெரியும். விடு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "முட்டை கொண்டு வந்திருந்தார்ம்மா. ரெண்டு. ஒண்ணை எனக்கு உரிச்சுக் கொடுத்தார். உப்பு மறந்துட்டார்."

போனில் தங்கை வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"அந்த நூலகர் என்ன கொண்டுவருவார்னு நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லண்ணா" என்றாள் மெதுவாக. "நிஜமாவே வந்தாரா?"

"நிஜமா."

"அடுத்த வெள்ளியும் வருவாரா?"

இலக்கு மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை காலாண்டு அறிக்கை போக வேண்டும். முன்கூட்டியே போட்ட கையெழுத்துகளையும் சேர்த்தால் பதினான்காம் இலக்கு நூற்றுப் பன்னிரண்டு சதவீதம் எட்டப்பட்டிருந்தது. இன்றைய சாப்பாடு அந்த நூற்றுப் பன்னிரண்டில் வராது.

"அவரோட ஜோடி திங்கக்கிழமை லீவு முடிஞ்சு வந்துடுவான்" என்றார்.

"சரிண்ணா" என்றாள் தங்கை. "நீ உப்புப் பொட்டலம் ஒண்ணு டப்பாவுல போட்டு வை."