புல்தரையில் பதினொரு குளிர்காலம்

இன்பராணி டீச்சருக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விட்டுவிடும். தில்லியில் லோதி ரோட்டிலிருந்து ஆர்.கே.புரம் போகிற பஸ்ஸில் அந்த நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கோடைக்காலத்தில் ஸ்டாஃப் ரூம் மின்விசிறிக்கு அடியிலேயே உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிடுவாள். குளிர்காலத்தில் அது நடக்காது. அந்த அறைக்குள் விரல்கள் விறைத்து பென்சிலே பிடிக்க முடியாது. டிபன் டப்பாவையும் ஸ்கெட்ச் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அரசாங்க அலுவலகத்தின் புல்தரைக்குப் போய்விடுவாள்.

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த அலுவலகமே வெளியேதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வெயிலுக்கு வந்தவர்கள் உள்ளே போக மனம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் சீட்டாடுவார்கள், வேர்க்கடலை உடைப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். செருப்பு ஒரு பக்கம், நூல் உருண்டை ஒரு பக்கம். பேச்சு பஞ்சாபியில், ஹிந்தியில், எப்போதாவது தமிழில். 1971 டிசம்பரில் முதல் தடவை அங்கே உட்கார்ந்தபோது, இந்த ஊரில் தனக்கு வரைய ஏதோ கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்கு முந்தைய வருஷம்தான் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். கணவன் லூர்துராஜுக்கு ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ வேலை. அவள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துத் தேறியவள். தமிழும் சொல்லித்தரும் அந்தப் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. கணக்கு டீச்சருக்கு எப்போதெல்லாம் பாடம் முடியவில்லையோ அப்போதெல்லாம் டிராயிங் பீரியட் பறிபோகும் என்பதைத் தவிர அந்த வேலையில் குறை இல்லை. இரண்டே அறை குவார்ட்டர்ஸின் பால்கனியில் படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்தை நிறுத்தி, விடிகாலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த பிறகும் வரைந்தாள்.

1974இல் ஐந்து படங்களைச் சுமந்துகொண்டு கன்னாட் பிளேஸில் ஓர் ஓவியக் காலரிக்குப் போனாள். காலரிக்காரர் பஞ்சாபி, மரியாதையாகத் தேநீர் கொடுத்தார். ஸ்வெட்டர் பின்னும் பெண்களைத் தள்ளி நின்றும் கிட்ட வந்தும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை நல்ல கை. ஆனால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களை இங்கே எல்லார் வீட்டிலும் பார்க்கலாமே. நீங்கள் மதராஸிலிருந்து வந்தவர். கோபுரம், கோலம், தீபம், அதெல்லாம் கொண்டுவாருங்கள்."

கொண்டுபோனாள். ஆறு கோபுரங்கள். ஆறும் விற்றன. லூர்துராஜ் சந்தோஷப்பட்டான். அவளுக்குத்தான் அந்தக் காலரிச் சுவரின் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. கடற்கரையில், மாதா கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவள் அவள். ஒரு கோபுரத்தையும் பத்து நிமிஷம் நின்று பார்த்ததில்லை. ஆறையும் காலண்டரைப் பார்த்து வரைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு பார்க்காத எதையும் வரைவதில்லை என்று வைத்துக்கொண்டாள். வகுப்பிலும் அதே பிடிவாதம். தில்லியிலேயே பிறந்த பிள்ளைகள் தாள் கொடுத்தவுடன் மலை இரண்டு, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை மரம் என்று போட்டு நீட்டுவார்கள்.

"தென்ன மரம் பாத்திருக்கியா நீ?" என்று ஒரு பெண்ணைக் கேட்டாள்.

"நஹீ மிஸ், பாத்ததில்ல. டிராயிங் புக்ல இருந்திச்சு."

"அப்போ அது வேண்டாம். ஜன்னலுக்கு வெளிய என்ன மரம் நிக்கி? வேம்பு. அதப் போடு. நெழலு எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்துப் போடு. மரத்தக்கூட தப்பாப் போட்டுரலாம், நெழலத் தப்பாப் போட்டா பாக்கவனுக்கு உடனே தெரிஞ்சிரும்."

குளிர்காலம்தோறும் புல்தரை ஸ்கெட்ச்கள் சேர்ந்தன. அங்கே தமிழ் பேசுகிறவர்களில் அருக்காணி என்ற எல்.டி.சி. குமாஸ்தா அவளுக்குத் தோழி என்று சொல்லலாம். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கணவர் ராணுவத்தில் இருந்து எழுபத்தொன்றாம் வருஷப் போரில் போய்விட்டார். அந்த வகையில் கிடைத்த வேலை. கலியன் என்று ஒரு பியூனும் உண்டு. விழுப்புரம் பக்கத்து ஆள். கடலையை உடைத்துத் தான் தின்னாமல் சுற்றியிருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பார். 1978 மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து இறந்துபோனார்.

1982இல் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பெரிய படத்தை இன்பராணி வரைந்தாள். ஆறடி நீளம், பால்கனிக்குள் கொள்ளாமல் கதவைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. புல்தரை, ஓரத்தில் ஒரு வேப்பமரம், பின்னால் அலுவலகத்தின் முகப்பு, போர்ட்டிகோவுக்கு மேல் வட்டமான கடிகாரம், முன்னால் பதினான்கு பேர். அடுத்த பிப்ரவரியில் மண்டி ஹவுஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தனிக் கண்காட்சி வைத்தாள். அருக்காணியை நேரில் போய் அழைத்தாள்.

அருக்காணி சனிக்கிழமை வந்தாள். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர். பெரிய படத்தின் முன்னால் போய் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங் டீச்சர், இது நானுங்களா? செருப்பக் கழட்டிப்போட்டுட்டு இப்படியா உக்காந்திருக்கறன்?" என்றவள், கண்ணை நகர்த்திக்கொண்டே போய், "அட, நம்ம கலியண்ணன்!" என்றாள்.

ஓர் ஆங்கில நாளிதழில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் புகைப்படம் வந்தது. 'கண்ணால் கண்டதை அப்படியே வைக்கும் நேர்மை' என்று விமர்சகர் எழுதியிருந்தார். இன்பராணி அதை வெட்டி பைபிளுக்குள் வைத்தாள். லூர்துராஜ் ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் அருக்காணி பள்ளிக்கூட வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மடித்த தாள்.

"மெமோ கொடுத்துட்டாங்க டீச்சர். நாலு பேத்துக்கு."

"எதுக்கு?"

"உங்க படம் பேப்பர்ல வந்துச்சில்லீங்களா, அதுக்கு. புதுசா ஒரு டெபுடி செக்ரட்டரி வந்திருக்கறாரு. பேப்பரப் பாத்துட்டு, இது நம்ம ஆபீஸ் லானுதான், கடியாரத்துல மணி மூணு இருபது, மூணு இருபதுக்கு இவங்க எல்லாம் சீட்டுல இல்லாம என்ன பண்ணிட்டு இருக்கறாங்கன்னு கேட்டாராமா. மொகம் தெளிவாத் தெரியற நாலு பேத்துக்கும் விளக்கம் கேட்டு மெமோ. பஞ்சாபிக்காரி ரெண்டு பேரு ரிட்டயர் ஆகப்போறவங்க, அவங்களுக்கென்ன. எனக்குத்தான் டீச்சர் அடுத்த மாசம் யு.டி.சி. பிரமோஷன்."

ஒவ்வொருவர் முகமும் சரியாக வர வேண்டும் என்று இன்பராணி எத்தனை நாள் பாடுபட்டிருக்கிறாள்.

"அந்தக் கடியாரம் ஓடவே ஓடாதே!" என்றாள். "நான் பாத்த நாளா மூணு இருபதுலதான் நிக்கி."

"அதத்தானுங்க நீங்க வந்து சொல்லோணும். நாங்க சொன்னா நம்பமாட்டாங்க. வரஞ்சவங்க நீங்க."

மறுநாளே போனாள். டெபுடி செக்ரட்டரி திரு. பட்டாச்சார்யா வங்காளி. அறைச்சுவரில் அச்சிட்ட ஓவியங்கள் இரண்டு சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எழுந்து நின்று வரவேற்றார். படம் பிரமாதம் என்று ஆங்கிலத்தில் மனதாரப் பாராட்டினார். ஆங்கிலத்திலேயே பேச்சு நடந்தது. கடிகாரம் ஓடாத விஷயத்தை அவள் சொன்னாள். அவர் சிரித்தார்.

"தெரியும் மேடம். வந்த முதல் வாரமே ரிப்பேர் செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். கடிகாரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை." நாளிதழை எடுத்து மேஜையில் விரித்தார். "இந்த நிழல்களைப் பாருங்கள். எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு மணி வெயிலில் நிழல் இவ்வளவு நீளுமா? இந்தப் பக்கம் சாயுமா? இது மூன்று மணிக்கு மேல். கடிகாரம் பொய் சொல்லலாம். உங்கள் தூரிகை பொய் சொல்லவில்லை."

அச்சில் வெறும் கறுப்பாக விழுந்திருந்த அந்த நிழல்களை இன்பராணி பார்த்தாள். ஊதாவும் கரும்பச்சையும் கலந்து, புல்லின் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கி, ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்ட நிழல்கள். இவ்வளவு கவனமாக ஒருவர் தன் படத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அந்தச் சமயத்திலும் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண் கலியன் மேல் போய் நின்றது.

"இவர் யார் தெரியுமா, சார்?"

"எங்கள் ஊழியர்தானே?"

"ஆமாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். அவருக்குப் பக்கத்தில் நூல் உருண்டை வைத்திருக்கிற பெண் வேலையில் சேர்ந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. இந்த அம்மாவின் கையை 1973இல் வரைந்தேன். முகம் போன வருஷத்தது. வேப்பமரம் இப்போது இல்லை, வெட்டிவிட்டார்கள்." பேசப் பேச அவளுக்கே அது புதிதாக இருந்தது. பார்த்ததை மட்டும் வரைகிறேன் என்று அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தது எல்லாம் உண்மைதான், ஆனால் இப்படி ஒரு மதியம் நடக்கவே இல்லை. "இது பதினொரு குளிர்காலம் சார். மெமோ கொடுப்பதென்றால் இறந்துபோன இவருக்கும் கொடுக்க வேண்டும்."

பட்டாச்சார்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதித் தருவீர்களா?"

ஒரு தாளை நகர்த்தி வைத்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதினாள். அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பதினொரு குளிர்காலத்தை வைத்துக்கொண்டு ஃபைலை மூட முடியாது. பதினொரு வருஷமாகப் பார்த்தேன் என்றால், பதினொரு வருஷமாக இவர்கள் சீட்டில் இல்லை என்றுதான் மேலே இருப்பவர் படிப்பார். 'இந்தப் படம் கற்பனை' என்று ஒரே வரி எழுதுங்கள். நான் மூடிவிடுகிறேன்."

அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். ஆறு கோபுரங்கள்தான் கற்பனை. அவற்றைப் பற்றி யாரும் எழுதித் தரச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், அருக்காணி ஏதோ ஃபைலை எடுக்கிறவள்போல இரண்டாவது தடவையாக நடந்து போனாள். இன்பராணி அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் லூர்துராஜிடம் சொன்னபோது, "நல்ல காரியம்தான செஞ்சிருக்க? ஒரு வார்த்தை. அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றான்.

"நல்ல காரியந்தான். செய்யாம இருக்க முடியாது. ஆனா கண்ணால பாத்ததக் கற்பனைன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன்லா," என்றாள். அவன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மெமோக்கள் ரத்தாயின. அருக்காணிக்கு யு.டி.சி. பிரமோஷனும் வந்தது. ஆனால் அடுத்த டிசம்பரில் இன்பராணி டிபன் டப்பாவோடு புல்தரைக்குப் போனபோது, பஞ்சாபிப் பெண்கள் சிரித்து, நலம் விசாரித்து, ஒருவர்பின் ஒருவராக எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் முகத்தை எடுத்துக்கொண்டவள் அவள்தான். எடுக்கலாமா என்று பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெயில் காலியான புல்லின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறக்காமலே பஸ் ஏறினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எதையும் வரையவில்லை. பள்ளியில் டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டபோதெல்லாம் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தாள்.

1984 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கு ஏதோ விடுமுறை. காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அருக்காணி நின்றிருந்தாள், அதே பட்டுப்புடவையில்.

"இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?"

"கேஷுவல் லீவு போட்டுட்டு வந்துட்டனுங்க. எழுதிக் கொடுத்து, சாங்சன் ஆகி, ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு. இன்னைக்கு முழுக்க என்னை வரைங்க டீச்சர். எந்தக் கடியாரத்த வேணும்னாலும் போட்டுக்குங்க."

இன்பராணி சிரித்துவிட்டாள். ஒரு வருஷமாக மூலையில் கிடந்த ஈசலைத் துடைத்து பால்கனியில் நிறுத்தினாள். பிரம்பு நாற்காலியை வெயிலில் போட்டாள். கைக்கு வேலை இல்லாமல் உட்காருவது அருக்காணிக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், தலைப்பைப் பிடித்தாள். ஊர்க்கதை பேசினாள், மலை மந்திர் முருகன் கோயிலில் தைப்பூசக் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போனாள். பன்னிரண்டு வருஷமாக விதவையாக, ஒற்றை ஆளாக, தில்லியில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்த முகம் முதல் தடவையாகக் காவலை விட்டிருந்தது. இன்பராணி கரிக்கோலை எடுத்தாள். கோடு தயங்காமல் வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அருக்காணி திடுக்கிட்டு விழித்தாள்.

"ஐயோ, தூங்கிப்போட்டனா? எழுப்பக் கூடாதுங்களா?"

"வரஞ்சிட்டேன். தூங்குறதத்தான். புடிக்கலன்னா சொல்லிருங்க, இப்பவே கிழிச்சிருதேன்."

அருக்காணி எழுந்து வந்து ஈசலுக்கு முன்னால் நின்றாள். தன் திறந்த வாயை, சரிந்த தலைப்பை, நாற்காலிக் கையிலிருந்து தொங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இன்பராணி தாளின் ஓரத்தை விரலால் பிடித்தபடி காத்திருந்தாள்.

"லீவு நாள்தானுங்களே," என்றாள் அருக்காணி. "இருக்கட்டும். பெருசாவே போடுங்க."