கரண்டுப் பெட்டியில் மஞ்சள் கறை

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருடங்களில்தான் தேனியில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தது. சில மாதத்திலேயே விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கம்பி இழுத்தவனைத் திட்டிக்கொண்டே மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். பித்தளைத் திருகாணிகளில் பச்சைக் களிம்பு. பலகை கருகியிருந்தது. மேலிருந்து மஞ்சள் கறை வழிந்திருந்தது.

"ஏய், இதுல என்னத்த ஊத்துன?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"வெள்ளிக்கெழமதோறும் மஞ்சத்தண்ணி தெளிப்பேன். வெளக்கெல்லாம் அதுலருந்துதான எரியுது? போன வாரம் கைய வெடுக்குன்னு இழுத்துச்சு. ஆத்தா எறங்கிட்டான்னு கும்புட்டேன்."

அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை.

"அது ஆத்தா இல்லடி, கரண்டு. செத்திருப்ப."

"அப்ப ஆத்தாதான் காப்பாத்திருக்கா" என்றாள்.

தெருவிலேயே கெட்ட வாய் எனக்குத்தான். அதைக் கேட்ட பிறகு அதில் ஒரு வசவும் வரவில்லை. உயிரோடு நின்று எதிர்த்துப் பேசுகிறாளே, அது போதும் என்றிருந்தது.