சாணைச் சக்கரமும் மச்சான் சட்டையும்

டூரிங் டாக்கீஸ்காரர் ஒருவர் கழித்துப்போட்ட பழைய பிலிம் கட்டரை வாங்கி வந்திருந்தேன். முனை மழுங்கி, துருப்பிடித்த சாமான். தீட்டிக் கொடுத்தால் விருதுநகர் தியேட்டரில் எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்கு.

இன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் சாணைச் சக்கரத்தை மிதித்துத் தீட்டிக்கொண்டிருந்தேன். பொறி பறந்தது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மச்சான், வேலை முடிந்து நேரே வந்து பக்கத்தில் குனிந்தார். சட்டையெல்லாம் மருந்துத் தூசி.



"மச்சான், அங்கனயே நில்லுங்க!"

"என்ன மாப்ளே, பாம்பா?"

"பாம்புன்னா வைத்தியம் இருக்கு. உங்க சட்டை பூரா மருந்து!"

"அட, இதுக்குத்தானா?" என்று சட்டையைத் தட்டிவிடக் கையை ஓங்கினார். என் காலோ பயத்தில் மிதியை விடவில்லை. பொறி இன்னும் பறக்கிறது.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி ஒரு குடம் தண்ணீரை எங்கள் தலையில் கொட்டினாள்.

"சாகிறதுக்கு ரெண்டு பேருக்கும் என் முற்றம்தான் கிடைச்சுதா?"

மச்சான் ஈரத்தோடு கேட்கிறார், "மிச்சத்தை எப்ப தீட்டுவீக?"

"உங்க கம்பெனி லீவு அன்னைக்கு" என்றேன்.

உங்கள் வீட்டில் மருந்துச் சட்டையை வாசலிலேயே கழற்றுகிறார்களா, இல்லை அடுப்படி வரை வருகிறதா?