பல்லக்கு சாய்கிற வாசல்

அன்று விடிந்ததிலிருந்து பாக்கியலக்ஷ்மிக்குக் கால் தரையில் பாவவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் அம்மன் கோவில் சந்தில் யாரைக் கண்டாலும், "பத்து மணிக்கு வந்திருங்க, பல்லக்கு வருது" என்று சொல்லிக்கொண்டே போனாள். அது திருவிழா மாதமும் இல்லை, பல்லக்கில் அம்மனும் இல்லை. இருந்தாலும் பல்லக்கு வந்தாக வேண்டும். அவள் வீட்டு மாடியே அதை நம்பித்தான் இருந்தது.

பாக்கியலக்ஷ்மி வேறு யாருமில்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்து நகரசபைத் துப்புரவு வேலையில் சேர்ந்த இசக்கிமுத்துவின் பேத்தி. அத்தை மகன் காளியைக் கட்டிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்தாள். தாத்தா பிடித்த துடைப்பத்தை இருபத்தாறு வருஷமாக அவளும் பிடிக்கிறாள். ஒரே மகள் மகா, புருஷன் ஜிதினோடு காக்கநாட்டில் வாடகைக்கு இருக்கிறாள். வயிற்றில் நாலு மாசம். வீட்டுக்காரர் ஓணத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இங்கே மேலே ஓர் அறை எழும்பினால் தாய்வீட்டுக்கு வருவாள். இல்லையென்றால் கோயம்புத்தூர்தான், ஜிதின் அங்கே வேலையும் பார்த்து வைத்துவிட்டான்.

சின்ன வீடு என்றால் கட்டுகிறவரே எழுதிக்கொடுத்தால் போதும், உடனே அனுமதி என்று மாநில அரசு சட்டம் போட்டிருந்தது. ஜிதின் போனிலேயே விண்ணப்பத்தைத் தட்டினான். கையிலிருந்த சாயா ஆறுவதற்குள் பெர்மிட் வந்துவிட்டது! காளி அன்றைக்கே செங்கல் இறக்கினான். மறுவாரம் வார்டு ஓவர்சியர் அனில், ஸ்டாப் மெமோவோடு வந்து நின்றார். கார்ப்பரேஷன் ரோடு புத்தகத்தில் இந்தச் சந்து, சட்டம் கேட்கிற அகலத்துக்கு அரையடி குறைவாம்.

"சர்க்கார் குடுத்த பெர்மிட்டை நீங்க எப்படி சாரே நிறுத்துவீங்க?"

"சேச்சி, சட்டம் உண்டாக்கினது திருவனந்தபுரத்தில். சந்து கிடக்கிறது என்னோட புக்கில். அவங்க கம்ப்யூட்டர் இங்க வந்து பார்த்ததா?"

"நான் பார்த்திருக்கேன். தினம் கூட்டுறது நானாக்கும். உங்க புக்கு என்னைக்காவது குனிஞ்சு கூட்டியிருக்கா?"

சந்தே சிரித்தது. அனிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சூட்டில்தான் பாக்கியலக்ஷ்மிக்குப் பல்லக்கு நினைவுக்கு வந்தது. கோவிலுக்கு ஓடி நூல் பிடித்துப் பார்த்தாள். சட்டம் கேட்ட அகலத்தைவிடப் பல்லக்கு ஒரு விரல் கூடுதல்!

"வருஷா வருஷம் இந்தப் பல்லக்கு சந்து முழுக்கப் போகுது சாரே. சந்துக்கு அகலம் இல்லாம அது பறந்தா போகுது?"

"சரி, கொண்டு வாங்க. முட்டாம போனா புக்கைத் திருத்தறேன். அது என் கையில்தான்."

அந்தப் பல்லக்கில் அவளுக்கு ஒரு தனிப்பெருமையும் உண்டு. சந்தில் எல்லார் வாசலிலும் நேராகப் போகிற பல்லக்கு, அவள் வாசலில் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து போகும். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கியது. "அம்மன் எங்க வாசல்ல தலை சாய்ச்சிட்டுத்தான் போவா" என்று சம்பந்தி வீடு வரை சொல்லி வைத்திருந்தாள்.

பத்து மணி. நாலு பேர் வெறும் பல்லக்கைத் தூக்கினார்கள். முன்கொம்பில் காளி. அனில் புத்தகத்தோடு பின்னாலேயே நடந்தார். முதல் வீடு தாண்டியது. மூன்றாம் வீடும் தாண்டியது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பாக்கியலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள்.

அங்கே வந்ததும் பல்லக்கு சாய்ந்தது.

குலவை நின்றுபோயிற்று. உள்ளே அம்மன் இல்லை. பின்னே யார் சாய்ந்தது?

எதிர்வீட்டுச் சரோஜம்மா, காளிக்குச் சித்தி முறை, மெதுவாக வாயைத் திறந்தாள். "காளி, உன் கல்யாணத்துக்கு முந்தி அம்மன் நேராத்தான்டா போனா. புதுப்பொண்ணு வர்ற வீட்டுல காயல் வெள்ளம் ஏறுதுன்னு நீதானே படியைத் தூக்கி வெளியே தள்ளிக் கட்டினே?"

எல்லாரும் படியைப் பார்த்தார்கள். அனில் டேப்பை வைத்தார். அரையடிக்கு மேல் இரண்டு விரல்.

"சேச்சி, புக்கில் எழுதினவர் இந்தப் படியில் நின்னுதான் அளந்திருக்கார்."

காளி தோளில் கொம்போடு அசடு வழிந்தான். "இருபத்தாறு வருஷமா நான்தானே சாய்க்கிறேன்! கொம்பு இடிக்குதுன்னு கை தானா சாயும். நானும் அம்மன்னுதான் நெனச்சேன் புள்ள."

பாக்கியலக்ஷ்மிக்கு முகம் சிவந்தது. சம்பந்தி வீட்டில் சொன்னதெல்லாம் கண்முன் வந்து போயிற்று. ஒரு நிமிஷம்தான். செங்கல் குவியலில் சாய்ந்து கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

"ஏய், வெள்ளம் ஏறினா?" என்றான் காளி.

"படியை உள்ள கட்டு! உன் படி எனக்கு வேண்டாம், என் மக வரணும்."

முதல் அடியிலேயே சிமெண்டு பெயர்ந்தது. ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். அனில்கூட ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். அரை மணிக்குள் படி இருந்த இடம் சந்தோடு சந்தாயிற்று. அவள் துடைப்பத்தை எடுத்துத் தானே கூட்டி வழிவிட்டாள்.

பல்லக்கு மறுபடி வந்தது. அவள் வாசலில் காளியின் தோள் பழக்கத்தில் சாயப் பார்த்தது. "நேரா விடு மாமா!" என்று கத்தினாள். பல்லக்கு நேராகப் போயிற்று. குலவை கூரையைத் தூக்கியது.

அனில் அங்கேயே புத்தகத்தை விரித்துப் பழைய அகலத்தை அடித்துப் புதிதாக எழுதிக்கொண்டிருக்க, அவள் போனில் மகாவிடம் கத்திக்கொண்டிருந்தாள்:

"கேக்குதாடி? சாமானைக் கட்ட ஆரம்பி!"