கண்ணாடி ரூமில் பூத்த பச்சை

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனியில் எனக்கு லேப் வேலை. படித்து வந்ததில்லை, பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. கூழைப் பையில் அடைக்கும் சுத்த அறைக்கு எங்கள் பாஷையில் கண்ணாடி ரூம். அங்கே ஜெல்லி ஊற்றிய சின்னத் தட்டுகளைச் சில மணி நேரம் திறந்து வைப்பேன். காற்றில் திரியும் கிருமி அதில் விழுந்தால், நாலைந்து நாளில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். "இன்னிக்கு இட்லி ஊத்தியாச்சா?" என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது.

அந்த சீசனில் தட்டில் பச்சைப் பூஞ்சை பூத்தது. அறையைக் கழுவி மருந்தடித்து மறுபடி வைத்தோம். மறுபடியும் பச்சை!

பழி, கூழ் நிரப்பும் மெஷினில் பை மாட்டுகிற அக்காவின் தலையில் விழுந்தது. அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்க்காரர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

"கொண்டையில பூவ மறைச்சு வச்சுக்கிட்டு உள்ள வர்றீங்க. அடுத்த தட்டும் பச்சைன்னா பழம் கழுவுற பக்கம் போயிருங்கம்மா" என்றார் மதுரைக்கார சூப்பர்வைசர்.

பழம் கழுவுவது என்றால் நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். போன வருஷம் அங்கே நின்றுதான் அக்காவுக்குக் காலெல்லாம் சேற்றுப்புண்.

"இந்தக் குல்லாயப் போட்டா எங்காது எங்க இருக்குதுன்னே தெரியல. இதுல பூவ எங்கண்ணா வெக்கறது?" என்று என்னிடம் பொரிந்தார்.

தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அக்கா நிற்கும் இடத்துத் தட்டில் ஒன்றிரண்டு புள்ளிதான். மெஷினுக்குப் பின்னால் வைத்ததில் புல்வெளியே இருந்தது.

மெஷினை நிறுத்தி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். டார்ச் அடித்த அக்காதான் முதலில் பார்த்தார். உள்ளே, குங்குமம் அப்பிய ஒரு எலுமிச்சம்பழம், பச்சைக் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

சீசன் தொடக்கப் பூஜையில் மெஷின் உச்சியில் அதை வைத்தவர் சூப்பர்வைசர். கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பிறகு அது எங்கே உருண்டது என்று ஒருவரும் தேடவில்லை.

"ஏன் சார், பழம் கழுவற பக்கம் இத அனுப்பலாமா, இல்ல வெச்சவங்களே போறீங்களா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார் அக்கா.

"யம்மா, ஒங்களக் கும்பிடுறேன், ஆள விடுங்க."

கழுவி, மருந்தடித்து, மறுபடி தட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் அக்கா லேப் கதவில் தலையை நீட்டினார்.

"என்னாண்ணா, இட்லி வெந்துச்சா?"

"வேகவே இல்லக்கா. ஒரு புள்ளிகூட முளைக்கல."

"அப்ப நான் குல்லாயப் போட்டுக்கறன்."